இரண்டு தம்ளர் நன்னாரித் தேநீர்

வேலாயிநத்தத்தில், பங்குனி மாதம் பதினெட்டாம் நாள் காலை பத்து மணிக்கு, மல்லிகை பறிக்கும் வீரசின்னம்மாள் இரண்டு தம்ளர் நன்னாரித் தேநீர் குடித்தாள். அன்று பிற்பகலிலிருந்து அவள் உடம்பில் சூடு இல்லாமல் போயிற்று.

நன்னாரித் தேநீர் என்பது அந்த ஊரில் தேயிலை சேராத ஒன்று. பால் சங்கத்துக்கு எதிரே கடை வைத்திருந்த இராக்கப்பன், ஐப்பசி மழை ஓய்ந்ததும் மலையேறி நன்னாரி வேரைத் தோண்டிக் கொண்டுவந்து, மண் போகக் கழுவி, கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலால் ஒவ்வொரு வேராகத் தட்டி, நடுவே ஓடும் வெள்ளை நரம்பை உருவி எடுத்துவிட்டு, வாசனையுள்ள மேற்பட்டையை மட்டும் நிழலில் உலர்த்திப் பானையில் கட்டி வைப்பான். மாசி பிறந்ததும் அதைக் கொதிக்கவைத்து, கருப்பட்டி சேர்த்து, செம்பு நிறத்தில் வடித்துக் கொடுப்பான். அதைக் குடித்தால் வெயில் தாங்கும் என்று ஊரார் சொன்னார்கள், தாங்கியும் வந்தார்கள். உருவிய நரம்பையும் இராக்கப்பன் எறிவதில்லை. காய்ந்தால் அது நன்றாகத் தீப்பிடிக்கும் என்பதால், அடுப்பு மூட்டுவதற்காக அதை இன்னொரு பானையில் சேர்த்து வைத்தான்.

இரண்டு பானைகளும் ஒரே சந்தையில் ஒரே நாளில் வாங்கியவை. அடுப்புப் புகை படிந்து பானைகளும் கறுத்திருந்தன, உள்ளே இருந்தவையும் கறுத்திருந்தன. எதில் பட்டை, எதில் நரம்பு என்பது அவன் மனைவி குருவம்மாளுக்குத்தான் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஆனால் அது கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாமலிருந்த ஒன்பதாவது நாள். சண்டைக்குக் காரணம் என்ன என்பதை இருவரும் மறந்துவிட்டிருந்தார்கள். பேசுவதில்லை என்ற முடிவு மட்டும் நினைவிலிருந்தது. கடைக்கு வருபவர்களின் வழியாகவே அந்த வீட்டுக் காரியங்கள் நடந்தன. "அந்தாளுகிட்டச் சொல்லுங்க, கருப்பட்டி தீரப் போகுது" என்பாள் குருவம்மாள், கணவனுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு. "காது கேக்குதுன்னு சொல்லுங்க" என்பான் இராக்கப்பன். அன்று காலை, நடுவில் நின்று சொல்ல ஆள் வருவதற்கு முன்பே தண்ணீர் கொதித்துவிட்டது. இராக்கப்பன் கைக்கு எட்டிய பானையை இறக்கினான், ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தான், வாசனை இல்லை. தனக்கு ஜலதோஷம் என்று தீர்மானித்துக்கொண்டு, அதோடு இன்னும் சில பிடி அள்ளிப் போட்டுக் கொதிக்கவைத்தான்.

வடிந்தது வைக்கோல் நிறத்தில் இருந்தது. சங்கத்துச் செயலாளன் கதிரேசன் ஒரு வாய் உறிஞ்சி, அதைத் தெருவில் துப்பினான்.

"என்னப்பா இராக்கப்பா, மாட்டுக்கு வச்ச கழனியை எனக்கு ஊத்திட்டியா? அப்ப என் டீ எந்த மாட்டுக்குப் போச்சு?"

மற்றவர்கள் முகர்ந்து பார்த்ததோடு தம்ளரை வைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் வீரசின்னம்மாள் தோட்டத்து வேலை முடிந்து, தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இராக்கப்பன் அவள் கையில் ஒரு தம்ளரைக் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயாச்சும் சொல்லு தாயி. நல்லா இருக்கா, இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு சித்தப்பு. தண்ணியா இருந்தாலும் தொண்டைக்கு இதமா இருக்கு."

"கேட்டுக்கங்க" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, மரியாதை பண்ணும் முகமாக அவளுக்கு இரண்டாவது தம்ளரையும் நிரப்பினான் இராக்கப்பன். ஊற்றிக் கொடுத்ததை மீதி வைத்துப் பழக்கமில்லாத பெண் அவள். அதையும் குடித்தாள்.

பகல் இரண்டு மணிக்கு அவள் குடத்துத் தண்ணீரை எடுக்கப் போனபோது பித்தளைக் குடத்தின் வெளிப்புறம் முழுவதும் நீர் கோத்தது. கண்ணாடியின் முன் நின்றாள், கண்ணாடி வெளுத்தது. அவளுக்குக் குளிரவில்லை. குளிர் அவளிடமிருந்து புறப்பட்டு மற்றவர்களுக்குப் போயிற்று. பக்கத்து வீட்டில் இருந்த நாத்தனார் இருளாயியிடமிருந்து தன் எட்டு மாதக் குழந்தை செண்பகத்தை வாங்கி, எப்போதும் போல மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். குழந்தை இரண்டு மிடறு குடித்தது, பிறகு அதன் உதடு நாவற்பழ நிறமாயிற்று, கைகால்கள் விறைத்தன. இருளாயி குழந்தையைப் பிடுங்கித் தன் மாரோடு சேர்த்துத் தேய்த்தாள்.

"ஏத்தா, கிணத்துக்குள்ள இருந்தா வந்த? உன் மேலு என்ன இப்படிச் சில்லிட்டுக் கிடக்கு?"

பதினோரு ஆண்டுகள் கோவில் கோவிலாகப் போய்ப் பெற்ற குழந்தை அது. வீரசின்னம்மாள் கைகளைப் பார்த்துக்கொண்டாள். அவற்றில் வேறுபாடு ஏதும் தெரியவில்லை. அரை மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்து குழந்தையின் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டாள். குழந்தை காலை இழுத்துக்கொண்டு அலறிற்று.

சுகாதார நிலையத்து நர்சம்மா மூன்று வெப்பமானிகளை வைத்துப் பார்த்தாள். மூன்றிலும் பாதரசம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "நாடி நல்லா இருக்கு, ரத்தம் நல்லா இருக்கு, கண்ணு வெளுப்பு இல்ல. சூடு மட்டுந்தான் இல்ல" என்று சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை முப்பது கொடுத்தனுப்பினாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு அவளைத் திரும்ப அழைத்து, தடுப்பூசி மருந்துப் பெட்டியின் அருகே சற்று நேரம் உட்காரச் சொன்னாள். காலையிலிருந்து மின்சாரம் இல்லை.

ஊர் அந்த விஷயத்தை அப்படித்தான் ஏற்றுக்கொள்ளத் தொடங்கிற்று. மறுநாள் கதிரேசன் அவளைச் சங்கத்தின் கேன் அறையில் ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்தான். ஏனென்றால் பால் வண்டி வழக்கமாக இரண்டு மணி நேரம் தாமதித்து வரும், கோடைக்காலத்தில் அதற்குள் பாதிக் கேன்கள் திரிந்துவிடும், அன்று ஒரு கேனும் திரியவில்லை. அதைக் கேள்விப்பட்ட பூ வியாபாரிகள் பறித்த மல்லிகை மொட்டுகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து அவளைச் சுற்றி வைத்தார்கள். டவுன் மார்க்கெட்டுக்குப் போகும்வரை ஒரு மொட்டுக்கூட வாய் திறக்கவில்லை. பெரிய வீட்டு அழகிரிசாமி இறந்தபோது, மகன் சிங்கப்பூரிலிருந்து வந்துசேர இரண்டு நாள் ஆகும் என்றும், ஐஸ் பெட்டிக்குச் சொன்ன இடத்தில் அது வேறு ஊருக்குப் போயிருப்பதாகவும் தெரிந்ததும், நாலு பேர் வந்து மரியாதையாகக் கூப்பிட, வீரசின்னம்மாள் போய்ப் பிணத்தின் தலைமாட்டில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். மகன் வந்து பார்த்து, "அப்பா நல்லா இருக்காரு" என்று சொன்னதைப் பலர் கேட்டார்கள். மே மாதத்துக் கல்யாணங்களுக்கு மாப்பிள்ளை வீட்டார் மேளத்தை உறுதி செய்வதற்கு முன் அவளை உறுதி செய்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் பட்டுத்துணியில் வேர்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மொய் எழுதுபவனும் வேர்க்காமல் எழுதினான்.

முத்தாலம்மன் கோவில் பூசாரி மட்டும் ஒரு வாரம் ஆட்சேபித்தான். "அம்மனையே நாம வருசா வருசம் குடம் குடமாத் தண்ணி ஊத்திக் குளுர வைக்கிறோம். இவ தண்ணி ஊத்தாமலே குளுந்து உக்காந்திருக்கா. இது முறையா?" என்று சாவடியில் கேட்டான். அடுத்த செவ்வாய்க்கிழமை அவளைக் கோவிலில் அரை மணி நேரம் நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள். அம்மனுக்குச் சாத்திய சந்தனம் மாலைவரை வெடிக்காமல் ஈரமாக இருந்தது. பூசாரி ஆட்சேபணையை விலக்கிக்கொண்டு, அவளுக்குப் பரிவட்டம் கட்டினான். அந்த ஊரில் ஒரு பெண்ணின் தலையில் பரிவட்டம் ஏறியது அதுவே முதல் தடவை. அது அவள் தலையில் பத்து நிமிடத்தில் விறைத்துப் பலகைபோல ஆயிற்று என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

சித்திரை பிறந்ததும், எந்த நேரத்தில் அவள் எங்கே இருப்பாள் என்பதைச் சாக்கட்டியால் எழுதிப் பஞ்சாயத்துப் பலகையில் வைத்தார்கள். பால், பூ, தடுப்பூசி, கோவில், விசேஷம் என்று பகல் முழுவதும் நிரம்பியிருந்த அந்தப் பலகையில் செண்பகத்தின் பெயர் இல்லை.

கணவன் சடையாண்டிக்குச் சங்கத்தில் பால் அளக்கும் வேலை கிடைத்தது. அதுவரை மூட்டை சுமந்தவன். இப்போது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்று செய்யும் வேலை. அவன் மனைவியை அடித்தவனுமல்ல, திட்டியவனுமல்ல. "கொஞ்ச நாளு பொறு புள்ள" என்றான். "கோடை முடியட்டும். ஊரே உன்னைக் கையெடுத்துக் கும்புடுது. செண்பகம் அக்காகிட்ட நல்லாத்தானே வளருது?"

"நல்லாத்தான் வளருது" என்றாள் வீரசின்னம்மாள். "எம்புட்டுத் தூரத்துல வளருதுன்னு பாத்தியா?"

அவன் பார்க்கவில்லை, அவள் பார்த்திருந்தாள். நாள்தோறும் மாலையில் இருளாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேன் அறையின் சன்னலுக்கு வெளியே வந்து நிற்பாள். குழந்தைக்கு நடுக்கம் எடுக்காத தூரம் முதல் வாரத்தில் நாலு முழமாக இருந்தது. சித்திரை பாதியில் பத்து முழமாயிற்று. வைகாசி பிறந்தபோது இருளாயி தெருவின் எதிர்ச்சாரிக்குப் போய், இராக்கப்பன் கடைக் கொட்டகைக்குள் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. வீரசின்னம்மாள் அருகில் அடுப்பு எரிவதில்லை என்பதால் அவளுக்குச் சோறும் இருளாயி வீட்டிலிருந்தே வந்தது. வரும் வழியிலேயே அது ஆறிப் போயிற்று. குழந்தை தவழத் தொடங்கியதை அவள் அந்தச் சன்னல் வழியாகத்தான் பார்த்தாள். ஒரு நாள் குழந்தை இருளாயியின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "ம்மா" என்றது. இருளாயி உடனே சன்னல் பக்கம் பார்த்தாள், பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். பிள்ளை இல்லாதவள் அவள். "நான் சொல்லிக் குடுக்கலத்தா" என்று உரக்கச் சொன்னாள். அவள் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது உண்மை. திருத்தவுமில்லை என்பதும் உண்மை.

வைகாசி கடைசியில் குருவம்மாள், கணவனுடைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கேன் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். அவள் பல் அடித்துக்கொண்டது.

"ரெண்டு மாசமா எனக்கு ஒரு கணக்குப் பிடிபடாம இருந்துச்சுடி. அடுப்பு மூட்டுற பானையில பாதிக்கு மேல காணோம். டீ பானையிலயோ எடுத்த தடமே இல்லாத ஒரு நாளு இருக்கு. இன்னைக்குத்தான் ரெண்டையும் கொட்டி அளந்து பாத்தேன். அந்தாளு உனக்குக் காச்சிக் குடுத்தது பட்டை இல்ல. நரம்பு."

"சித்தப்புவுக்குத் தெரியுமா?"

"சாயங்காலமே தெரிஞ்சிருக்கும். மிச்சத்தைச் சாக்கடையில ஊத்தினதை நான் பாத்தேன். தெரிஞ்சும் வாயத் தொறக்கல பாரு. அந்தாளுக்கு ஆம்பளைங்கிற வீம்பு."

"அதுக்கு மாத்து இருக்கா சின்னாத்தா?"

"இல்லாம என்ன. நன்னாரி இழுத்துட்டுப் போனதைச் சுக்கு கொண்டாந்து விடும். மேல்தோலைச் சுத்தமாச் சுரண்டிட்டு, இடிச்சு, எட்டுக்கு ஒண்ணா வத்தக் காச்சி, மூணு நாளு குடிக்கணும். ஆனா நிறைய வேணும். அம்புட்டுக் குளுந்து போயிருக்க." எழுந்துகொண்டே சொன்னாள்: "எங்கிட்ட ஒரு துண்டுதான் கிடக்கு. அது ஒரு வேளைக்குக் காணாது. போயி வாங்கிட்டு வா."

வேலாயிநத்தத்தில் பலசரக்குக் கடைகள் மூன்று. முதல் கடைக்காரன், சுக்கு நேற்றுத்தான் தீர்ந்தது என்றான். இரண்டாவது கடைக்காரனும் நேற்று என்றே சொன்னான். மூன்றாவது கடைக்காரன் சுக்கு என்றால் என்ன என்பதுபோல அவளைப் பார்த்தான். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. சாவடியில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் நடக்கவில்லை. குருவம்மாள் கேன் அறைக்குள் போனதையும், வந்ததையும், வீரசின்னம்மாள் எழுந்து கடைத்தெருப் பக்கம் நடந்ததையும் பார்த்தவர்கள் தங்கள் தங்கள் அளவில் முடிவெடுத்தார்கள், அவ்வளவுதான். பிள்ளைபெற்ற வீடுகளும், சளி பிடித்த வீடுகளும், சமையலறை உள்ள எல்லா வீடுகளும் சுக்கு வைத்திருக்கும் ஊர் அது. அந்த ஊரில் அன்று மாலை ஒரு துண்டுச் சுக்கு இல்லை. டவுன் பஸ் நடத்துநர் அவளைப் பார்த்ததும் கைகூப்பி, "நீங்க ஏறினா இன்ஜின் நின்னு போகும்மா, போன தடவை அப்படித்தான் ஆச்சு" என்றான். அவள் அதற்கு முன் அந்த பஸ்ஸில் ஏறியதில்லை. சடையாண்டியிடம் டவுனுக்குப் போய் வாங்கிவரச் சொன்னாள். அவன், நாளைக்குப் போகிறேன் என்றான். அவன் குரலிலேயே நாளை என்பது எந்த நாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, பலகையில் பால் என்று எழுதியிருந்த நேரத்தில், வீரசின்னம்மாள் கேன் அறைக்குப் போகாமல் கதிரேசன் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி மங்கையர்க்கரசி இட்லிப் பானையை அப்போதுதான் அடுப்பில் ஏற்றியிருந்தாள்.

"வாங்கக்கா. என்ன இந்நேரத்துல?"

"சுக்கு ஒரு துண்டு இருக்குமா மங்கை?"

"சுக்கா? அட, நேத்துத்தான் தீந்துச்சு."

"சரி. வந்தது வந்தேன், செத்த உக்காந்துட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு அவள் அடுப்புக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த ஒருவரை எழுந்து போகச் சொல்வது அந்த ஊரில் நடந்ததில்லை. கடன்காரனையும், பகையாளியையும், பெண் கொடுக்க மறுத்த சம்பந்தியையும்கூட அவர்களாக எழுந்திருக்கும்வரை உட்காரவிடுவது அங்கே வழக்கம். அடுப்பு நீலமாகி, ஒரு தடவை துள்ளி, அணைந்தது. மங்கையர்க்கரசி மறுபடி பற்றவைத்தாள். மறுபடி அணைந்தது.

"அக்கா, சங்கத்துல பால் வந்திருக்குமே."

"வந்திருக்கும்."

"உங்களைத் தேடுவாங்க."

"தேடட்டும். இங்கயும் நல்லாத்தான் இருக்கு."

"இல்லக்கா, இவருக்குப் பசி தாங்காது."

"ஆமா, அண்ணன் பாவம். வாயக் கட்டத் தெரியாத மனுசன்."

எட்டு மணிக்குக் கதிரேசன் குளித்துவிட்டு வந்தான். இட்லித் தட்டைத் திறந்து பார்த்தான்; ஊற்றிய மாவு ஊற்றியபடி, குழியில் வெண்மையாக இறுகிக் கிடந்தது. மூலையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தான்.

"ஏம்மா, கோடை முடியட்டும்னு சடையாண்டிகிட்ட அன்னைக்கே சொன்னேன்ல."

"முடியட்டும்ணே. முடியுற வரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கேன். உங்க வீட்டுல காத்து நல்லா வருது."

"சங்கத்துல நாப்பது கேன் பால் கிடக்கு."

"எம்புள்ளைக்கு ஒரு கேன் பாலும் வேணாம்ணே. நான் தூக்கினா அது அழாம இருக்கணும். அம்புட்டுத்தான்."

அவன் மனைவியைப் பார்த்தான். மங்கையர்க்கரசி குளிருக்குச் சேலையை இழுத்துப் போர்த்தியபடி அவனைப் பாராமல் உள்ளே போய், தவிட்டுப் பானைக்குள் முழங்கைவரை கையை விட்டு, ஒரு துணி முடிச்சை எடுத்துவந்து வீரசின்னம்மாளின் மடியில் போட்டாள். உள்ளே ஏழு துண்டுச் சுக்கு இருந்தது. "கிடந்துச்சு" என்றாள்.

வீரசின்னம்மாள் நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். அடுத்த வீட்டில் அவள் உட்காரவேண்டியிருந்தது கால்மணி நேரம். அதற்கடுத்த வீட்டில் சேலையை ஒதுக்கி உட்காரக் குனிந்தபோதே சுக்கு வந்துவிட்டது. அந்தத் தெருவின் கடைசியில், அவள் போவதற்கு முன்பே, வாசற்படிகளில் சுக்கைத் துணியில் கட்டி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். பூசாரி வீட்டு வாசலில் இருந்த முடிச்சுத்தான் எல்லாவற்றிலும் பெரியது.

குருவம்மாள் சுக்கின் தோலைக் கத்தியால் சுரண்டி முடித்தாள். இடிக்கக் கொட்டாப்புளி வேண்டும். அது இராக்கப்பனின் பலகைக்குக் கீழே, அவன் காலடியில் கிடந்தது. கடையில் அப்போது நடுவில் நின்று சொல்ல ஒருவரும் இல்லை. எல்லோரும் சங்கத்தின் வாசலில் பாலைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். குருவம்மாள் சற்று நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு எண்பது நாட்களுக்குப்பின் முதல் தடவையாகக் கணவனின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அந்தக் கொட்டாப்புளியை எடுங்க."

இராக்கப்பன் அதை எடுத்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, "எந்தப் பானைன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றான்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இராக்கப்பன் தானே அடுப்பை மூட்டினான். காய்ச்சியதைக் கொண்டுபோய்க் கொடுப்பது எளிதாக இல்லை. அவளை நெருங்குவதற்குள் ஆறிவிட்டால் பயனில்லை. செம்பைக் கம்பளியில் சுற்றி, அதை மார்போடு அணைத்துக்கொண்டு, இராக்கப்பன் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அவள் வீடு இருந்த அந்தக் கோடிவரை ஓடினான். ஐம்பத்தாறு வயதுவரை அவன் யாருக்காகவும் ஓடியவனல்ல. மூன்று நாட்களில் ஒன்பது தடவை ஓடினான். ஒவ்வொரு தடவையும் அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூச்சு வாங்கியதால் சொல்லாமல் திரும்பினான். ஒன்பதாவது தடவை, "குடிச்சிரு தாயி" என்று மட்டும் சொன்னான். அவள் மீதி வைக்காமல் குடித்தாள்.

முதல் நாள், அவள் மூச்சுப்பட்டால் கண்ணாடி வெளுப்பது நின்றது. சங்கத்தில் பதினாறு கேன் பால் திரிந்தது. இரண்டாம் நாள், அவள் வீட்டு அடுப்பு அணையாமல் எரிந்தது. மல்லிகை மொட்டுகள் அனைத்தும் வண்டியில் ஏறுவதற்கு முன்பே கூடைக்குள் மலர்ந்து, தெரு முழுவதும் மணத்து, ஒன்றுக்கும் உதவாமல் போயின. மூன்றாம் நாள் பகல், பதினொரு மணியளவில், அவள் கழுத்துக்குப் பின்னால் வியர்வை அரும்பிற்று. அவள் அதைக் கையால் தொட்டுப் பார்த்தாள். கையை உப்புக்காக நக்கியும் பார்த்தாள். சடையாண்டி அளப்பதற்கு ஏதும் இல்லாமல் வெள்ளைச் சட்டையோடு வீட்டுக்கு வந்து, வாசலில் குந்தினான். அவனோடு ஊரில் பாதிப் பேர் வந்து தெருவில் நின்றார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை. அவர்கள் முகங்களில், உறவு வீட்டில் ஒரு நகை களவு போனதைக் கேட்க வந்தவர்களின் வருத்தம் இருந்தது.

இருளாயி செண்பகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"மறுபடி விறைச்சிறாதே?"

"தொட்டுப் பாரு மதினி."

இருளாயி கையை நீட்டி அவள் மணிக்கட்டைத் தொட்டாள். தேவைக்கு மேல் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். "சுடுது" என்றாள். அப்படிச் சொன்னபின் குழந்தையைக் கொடுக்காமலிருக்க அவளுக்குக் காரணம் ஏதும் மிஞ்சவில்லை. அவள் கொடுத்தாள்.

செண்பகம் புதிய முகத்தை ஏறிட்டுப் பார்த்தது. உதடு பிதுங்கிற்று, இருளாயியை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டி, உடம்பைப் பின்னுக்கு வளைத்து, மூச்சு நிற்குமளவுக்கு அழுதது. அதற்குப் பத்து மாதம் முடிந்திருந்தது. அதில் இரண்டரை மாதத்தை அது இன்னொருத்தியின் உடம்பில் கழித்திருந்தது. தெருவில் நின்ற கதிரேசன், "பிள்ளையே வரமாட்டேங்குது பாரும்மா. பேசாம இன்னும் ஒரு மாசம் பொறுத்திருக்கலாம்" என்றான். சிலர் ஆமாம் என்றார்கள். சடையாண்டி எழுந்து, "அக்காகிட்டயே குடுத்துரு புள்ள, அழுது வீங்கிப் போகும்" என்றான்.

வீரசின்னம்மாள் கொடுக்கவில்லை. அவள் தாலாட்டவுமில்லை, கிலுகிலுப்பையை ஆட்டவுமில்லை, என் கண்ணே என்று சொல்லவுமில்லை. குழந்தை உதைத்தது, மார்பில் அடித்தது, அவள் காதோரம் இருந்த முடியைப் பிடித்து இழுத்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அதன் முதுகில் ஒரு கையை வைத்து, அழட்டும் என்று பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை மணி நேரம் அப்படியே போயிற்று. தெருவில் நின்றவர்கள் வெயில் தாங்காமல் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கடைசியில் குழந்தைக்குக் குரல் கம்மி, விக்கல் எடுத்து, தலை தானாகச் சாய்ந்து, முகம் அவள் கழுத்துக் குழியில் விழுந்தது. சிறிது நேரம் அங்கே அசையாமல் இருந்துவிட்டு, வாய் மட்டும் தேடத் தொடங்கிற்று.

பகல் உச்சி வெயில் ஓட்டின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் புழுக்கம் தாங்கவில்லை. தாயும் மகளும் ஒட்டிய இடமெல்லாம் நனைந்து, ரவிக்கை தோளோடு பிடித்துக்கொண்டது. வாசலில் நின்றிருந்த இருளாயி பனையோலை விசிறியை எடுத்து உள்ளே நீட்டினாள்.

வீரசின்னம்மாள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.